வேண்டாம் என்று சொன்ன சீர்

1

நாங்கள் அனுப்பிய பொங்கல் சீர் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டது, ஊரே பார்த்து மெச்சியது என்று போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறாள் என் நாத்தனார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இந்த வருஷம் நாங்கள் சீர் அனுப்பவே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிறார், வருகிறார், கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். நான் அடுப்பில் வைத்ததை மறந்து தீயவிடுகிறேன். யாரிடமாவது சொல்லித் தீர்த்தால் தேவலை. பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாள் நல்லவள்தான், ஆனால் சீர் என்றால் என்னவென்று அவளுக்கு மலாயில் விளக்குவதற்குள் எனக்கு வயதாகிவிடும். அதனால் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன்.

பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பினாங்குச் சீர் வந்து இறங்குகிற வீடுகள் பல உண்டு. இது எந்த வீடு என்று தேரடியில் நின்று ஆராய்ச்சி பண்ணவேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

2

நான் பிறந்தது சோழபுரம். வாழ்க்கைப்பட்டது ராஜபாளையம். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்குப் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கிட்டங்கியில் வேலை கிடைத்தது. கப்பலில் வருகிற சரக்கை இறக்கி அடுக்கி வைக்கிற பெரிய கட்டடத்துக்கு இங்கே கிட்டங்கி என்று பெயர். எத்தனை மூட்டை வந்தது, எத்தனை மூட்டை போனது என்று எழுதுகிற வேலை. இந்த மாசியோடு நாங்கள் கடல் தாண்டிப் பதினைந்து வருஷம் ஆகிறது.

அவருக்குக் கூடப்பிறந்தது ஒரே தங்கை, செல்லம்மாள். அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் நஞ்சையும் தென்னந்தோப்பும் உள்ள வீடு. குறை ஒன்றும் கிடையாது, குறை கண்டுபிடிக்கிற மாமியார் ஒருத்தி மட்டும் உண்டு. செல்லம்மாளுக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அண்ணன் ஒருவர்தான், அவரும் கடலுக்கு அந்தப் பக்கம்.

பிறந்த வீட்டிலிருந்து பொங்கலுக்குச் சீர் போகிற வழக்கத்தை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பச்சரிசி, வெல்லம், கரும்புக்கட்டு, மஞ்சள் கொத்து, பானை, சேலை, வேட்டி. அந்த வண்டி வந்து வாசலில் நின்றால்தான் இவளைக் கேட்க ஆள் இருக்கிறது என்று புகுந்த வீட்டில் மதிப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அண்ணன் வீட்டில் பெண்ணும் தங்கை வீட்டில் பையனும் இருந்துவிட்டால், சீர் வருகிற வரைக்கும் அந்தப் பெண் இந்த வீட்டுக்குத்தான் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். சீர் நின்றால் பெண் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். வாய் திறந்து ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள்.

எங்களுக்கு ஒரே மகள் மீனாட்சி. பதின்மூன்று வயது நடக்கிறது. செல்லம்மாளின் மூத்த மகன் ஆறுமுகம், தோப்பையும் வயலையும் பார்த்துக்கொள்கிறான். அவனை மீனாட்சி பார்த்தது ஒரே ஒரு தடவை, அவளுடைய நாலாவது வயதில். அவன் அவளுக்கு ஒரு பொன்வண்டு பிடித்துக் கொடுத்தான். அவள் பயந்து அலறினாள்.

3

சீர் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். சீரோடு சேர்ந்து வருஷா வருஷம் ராஜபாளையத்துக்கு ஒரு பெட்டி போனது. அந்தப் பெட்டிதான் எங்களைப் படுத்தி எடுத்தது.

முதல் வருஷம் பெட்டியில் இருந்தது சேலையும் நாலைந்து கைலியும். மறு வருஷம் இவருடைய சித்தப்பாவுக்கு ஒன்று. சித்தப்பாவுக்கு அனுப்பினால் பெரியம்மாவுக்கு அனுப்பாமல் முடியுமா? பெரியம்மாவுக்கு என்றால் பக்கத்து வீட்டு ராஜுக்கள் என்ன நினைப்பார்கள்? வாசலில் வைத்துப் பெட்டியைத் திறப்பார்களாம், தெருவே கூடி நிற்குமாம். அந்தத் தெருவில் என் வீட்டுக்காரருக்கு முகம் தெரியாத குழந்தைகளுக்குக்கூட நான் ஊதல் வாங்கி வைக்க வேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்தால் நான் கையில் பட்டியலோடு கடை கடையாக ஏறி இறங்குவேன்.

வாங்கி அனுப்பினாலும் நல்ல பெயர் கிடைக்குமா? சித்தப்பாவுக்குக் கிளித்தலைப் பிடி போட்ட குடை ஒன்று தேடித் தேடி வாங்கி அனுப்பினோம். கிளிக்கு ஒரு கண் சிறியதாக இருக்கிறது என்று சொல்லியனுப்பினார். பெரியம்மாவுக்கு நீலப் பறவை எழுதிய சீனத்துப் பீங்கான் ஜாடி. ஊறுகாய் போடக்கூடக் காணாது, இதை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது என்று பதில். என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் சங்கரலிங்கம்தான் எங்களுக்காக ஊரில் அரிசியும் கரும்பும் வாங்கி, வண்டி கட்டி, சீரை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொண்டுபோய் இறக்குகிறவர். அவருடைய சம்சாரத்துக்கு ரோஜாப்பூ போட்ட பெரிய தாம்பாளம் அனுப்பினேன். அது நடுவீட்டுச் சுவரில் ஆணியடித்துத் தொங்குவதாகக் கேள்வி. அதில் ஒரு வாய் பலகாரம் வைத்து யாருக்கும் கொடுத்ததாகக் கேள்வி இல்லை.

நாகப்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் கதை தனி. பெட்டி கொண்டுபோகிற மனிதரை நிறுத்தி, “ஆறு குடை எதுக்கு? நீ யாவாரியா?” என்று கேட்பார்கள். வியாபாரி இல்லை, இது ஒருவர் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது என்றால் நம்பமாட்டார்கள். இத்தனை சொந்தக்காரர்கள் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்க முடியும் என்று அங்கேயிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கேட்டாராம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

இங்கே தபாலாபீசில் ஒரு தடவை பார்சல் அனுப்பப் போனேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள், சேலை என்றேன். விற்பனைக்கா என்றார்கள், இல்லை, தங்கைக்கு அண்ணன் கொடுப்பது என்றேன். அவளுக்குப் புருஷன் இல்லையா என்று கேட்டான் அங்கே உட்கார்ந்து எழுதுகிற பையன். இருக்கிறார் என்றேன். அப்புறம் அண்ணன் ஏன் சேலை வாங்கித் தரவேண்டும் என்று கேட்டுவிட்டு, ஏதோ எழுதி முத்திரை குத்தினான்.

4

இங்கே பண்டிகைகள் சுலபமானவை. சீனர்களின் வருஷப் பிறப்புக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் ஆரஞ்சு வரும். நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டு மலாய்க்கார அக்காளிடமிருந்து ஒரு தட்டு பலகாரம். தீபாவளிக்கு நான் முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுப்பேன். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது அவர்களுக்கும் உண்டு, நமக்கு உள்ளது போலவே. ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்தால் போதும். யாரும் கிளியின் கண்ணை அளந்து பார்ப்பதில்லை.

என் வீட்டுக்காரருடைய துரை வீட்டில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பரிசுகள் மலை போல் குவியும். முந்தின வருஷம் துரைசாணி அதை ஒரேயடியாகக் குறைத்துவிட்டாளாம். பெரியவர்களுக்குள் ஒன்றும் கிடையாது, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். எல்லாரையும் முதலிலேயே கேட்டார்கள், எல்லாரும் சரி என்றார்கள், யாருக்கும் வருத்தமில்லை. இதைக் கேட்டு வந்ததிலிருந்து இவருக்கு ஒரே யோசனை.

“ஏட்டி, நாமளும் கேட்டுப் பாத்தா என்ன? வீட்டுக்கு ஒரு துண்டு. அம்புட்டுதான். தெருவுக்கெல்லாம் வேண்டாம்.”

“செல்லம்மாளுக்கு?”

“அவகிட்டயும் கேப்போம். ஒனக்கு என்ன வேணுமோ அத மட்டும் சொல்லுன்னு.”

எனக்கும் பெட்டி ஒழிந்தால் போதும் என்றுதான் இருந்தது. சித்திரையில் ஊருக்குப் போன ஒருவரிடம் சொல்லியனுப்பினோம். ஆவணியில் அவர் பதில்களோடு திரும்பி வந்தார். பெரியம்மா, ‘பினாங்கில் பஞ்சமா?’ என்று கேட்டிருந்தாள். சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டாராம். செல்லம்மாளின் பதிலை மட்டும் வந்தவர் அவள் சொன்னபடியே சொன்னார்.

“‘எனக்கு எதுக்கு அண்ணே, ஒண்ணும் வேண்டாம். சீரு கூட வேண்டாம். அவிய அங்கன நல்லா இருந்தாப் போதும்’னு சொல்லுச்சு.”

என் வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். எப்பேர்ப்பட்ட தங்கை பார்த்தாயா என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நான் சொன்னேன்: “அவ அப்படித்தான் சொல்லுவா. நீங்க பாட்டுக்கு அனுப்புங்க.”

புதுப்பெண்ணாக அந்த வீட்டுக்கு நான் போனபோது செல்லம்மாள் பாவாடை கட்டிய பிள்ளை. பூ வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை தலையை ஆட்டுவாள், இரண்டாம் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வாள், மூன்றாம் தடவை கையை நீட்டுவாள். மூன்று தடவை கேட்காதவர்கள் கொடுக்க மனமில்லாமல் கேட்டவர்கள் என்பது அவள் எண்ணம். நம் ஊரில் யாருடைய எண்ணம் அது இல்லை?

இவருக்கும் தெரிந்ததுதான். வந்த புதிதில் துரை வீட்டுக்கு ஏதோ காகிதம் கொண்டுபோனவரைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். மரியாதைக்கு வேண்டாம் என்றிருக்கிறார். அவ்வளவுதான், தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். பசியோடு வீட்டுக்கு வந்து, “ஒரு வார்த்தை மறுக்கா கேக்க மாட்டாங்களாட்டி?” என்று என்னிடம் புலம்பினார். பதினைந்து வருஷத்தில் ஆள் நன்றாகத் திருந்திவிட்டார்.

“வேண்டாம்னு சொன்ன பொறவும் அனுப்பினா, அவ சொல்லுக்கு என்ன மதிப்பு? கேட்டோம், சொல்லிட்டா. அவ பேச்சை மதிக்கணும்லா” என்றார்.

அதற்கு மேல் நான் மல்லுக்கட்டவில்லை. பெட்டி இல்லாத ஐப்பசி எனக்கு ஐந்தாறு வயது குறைந்த மாதிரி இருந்தது.

5

தை பிறந்தது. இங்கே பொங்கல் என்றால் கூடம் முழுக்கப் புகை, கரி அடுப்பில் சின்னப் பானை, வெளியே எட்டிப்பார்க்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். பால் பொங்கும்போது குலவையிட எனக்கு வெட்கம். மீனாட்சியைக் கூப்பிட்டேன். அவள் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், ஆனால் அவசரத்துக்கு அவள் வாயில் மலாய்தான் வரும்.

“குலவை போடு, தாயி.”

“தாமாவ்” என்றாள்.

வேண்டாம், மாட்டேன் என்பதற்கு மலாயில் அப்படிச் சொல்வார்கள். சின்ன வயதில் இந்த வார்த்தையைச் சொன்னால் வாயில் ஒன்று போடுவேன். இப்போது போடுவதில்லை. அவள் முரட்டுப் பெண் இல்லை. முடியாது என்பதை முடியாது என்று சொல்லிவிட்டுச் சிரித்த முகமாக நிற்பாள். பிறகு அதை மனதில் வைத்துக்கொண்டிருக்கவும் மாட்டாள். அவள் சரி என்றால் சரிதான், அதற்கும் அடியில் தோண்டிப் பார்க்க ஒன்றுமில்லை. அப்படி ஒரு பிள்ளையை வளர்த்ததில் எனக்குப் பெருமையும் உண்டு, பயமும் உண்டு.

சர்க்கரைப் பொங்கலை இலையில் வைத்ததும் என் வீட்டுக்காரர் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். “இந்நேரம் சங்கரலிங்கம் வண்டி தேரடி தாண்டியிருக்கும்” என்றார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. நான் நெய்யை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

6

போன வாரம் மாடசாமி அண்ணாச்சி ஊரிலிருந்து திரும்பி வந்தார். ராஜபாளையத்துக்காரர், எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கி, குளித்துவிட்டு, ஒரு துணி முடிச்சோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏ தங்கச்சி, இந்த வருசம் ஒங்க சீரைப் பத்தித்தான் ஊரெல்லாம் பேச்சு. நானும் வண்டி கூடவே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போனேன்லா.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாமல் அவர் அனுப்பிவிட்டாரோ என்று நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“சங்கரலிங்கம் ரெட்டைமாட்டு வண்டி கட்டினாரு. சுத்திவரக் கரும்பு. முன்னால ஒரு ஆளு கிளித்தலைப் பிடி போட்ட குடையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வாரான், ராசா கணக்கா. தேரடியில செத்த நேரம் வண்டியை நிப்பாட்டினோம். பொம்பளைக வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குதாக. நீலப் பறவை போட்ட ஜாடி ஒண்ணு, அதுல நெறைய கல்கண்டு. ரோசாப்பூப் போட்ட தாம்பாளத்துல சேலை, வேட்டி. எம்புட்டுச் சாமான்! ‘பினாங்கு அண்ணன் வாரி அனுப்பிட்டாரு’ன்னு அந்த மாமியாக்காரியே வாயைப் பொளந்துட்டா.”

சித்தப்பாவின் குடை. பெரியம்மாவின் ஜாடி. சங்கரலிங்கம் வீட்டுச் சுவரில் தொங்கிய தாம்பாளம். ஒவ்வொன்றையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கியவள் நான். எந்த வருஷம் யாருக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ராஜபாளையத்தில் மூன்று வீட்டில் இருந்தவை ஒரே வண்டியில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்படிப் போயின?

நான் கேட்காமலே அதுவும் வந்தது.

“செல்லம்மா மார்கழிக் கடைசியில வந்து சங்கரலிங்கம் வீட்டுல இருந்துட்டுப் போச்சு. பாசக்காரப் புள்ளை. ஒரு வீடு விடாம போயி எல்லாரையும் பாத்துட்டுத்தான் போச்சு.”

அதிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. செல்லம்மாள் வீடு வீடாகப் போயிருக்கிறாள். பூ வாங்குவதற்கே மூன்று தடவை கேட்க வேண்டியவள், பெரியம்மா வாசலில் நின்று, சித்தப்பா வாசலில் நின்று, பினாங்கு அண்ணன் உங்களுக்குக் கொடுத்ததைக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். அவர்களும் கொடுத்திருக்கிறார்கள். ஊறுகாய்க்குக் காணாது என்ற ஜாடியை ஒரு கீறல் விழாமல் வைத்திருந்து கொடுத்திருக்கிறாள் பெரியம்மா. கண் சரியில்லாத கிளியைச் சித்தப்பா ஒரு மழைக்குக்கூட நனைய விட்டதில்லை போலிருக்கிறது. அரிசியும் வெல்லமும் சேலையும் யார் வாங்கிப் போட்டார்கள்? சங்கரலிங்கமாகத்தான் இருக்கும். இத்தனை பேரும் சேர்ந்து, எங்கள் பெயரைக் காப்பாற்றி வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. வந்திருந்தால் மாடசாமி அண்ணாச்சிக்குத் தெரியாமல் இருக்காது.

நான் ஏதாவது உளறிவிடப் போகிறேன் என்று பயந்தேன். அப்போது என் வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார்.

“குடை வழியில ஒண்ணும் ஒடியலையே, அண்ணாச்சி?”

“ஒரு சேதாரமும் இல்ல. ‘சீரு நல்லபடியா வந்து சேந்துச்சு’ன்னு அண்ணன்ட்ட மறக்காம சொல்லச் சொல்லுச்சு ஒங்க தங்கச்சி. அதச் சொல்லும்போது ஏன்னு தெரியல, என் கையப் பிடிச்சுக்கிச்சு.” அவர் முடிச்சை என் பக்கம் தள்ளினார். “சீர் கொண்டு வந்த தாம்பாளம் வெறுமனே திரும்பக் கூடாதுல்லா. மஞ்சளும் வெல்லமும் குடுத்து விட்டிருக்கு. பொறவு இன்னொண்ணு. ‘அடுத்த தைக்குள்ள எம் பேரனுக்குப் பொண்ணைக் கூட்டியாந்துருங்க’ன்னு மாமியாக்காரி சொல்லச் சொன்னா. ஊரெல்லாம் சொல்லியாச்சாம்.”

7

அண்ணாச்சி போனதும் இவர் கிணற்றடியில் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் முடிச்சை அவிழ்த்தேன். நல்ல விரலி மஞ்சள், மண்டை வெல்லம் நாலு. இது எங்கள் சீருக்கு வந்த பதில். நாங்கள் அனுப்பாத சீருக்கு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்ல என்ன கேடு என்று செல்லம்மாள் மேல் கோபம். ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர் மேல் கோபம். இந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு பெட்டி ஒழிந்தது என்று சுகமாக இருந்த என் மேலும்தான்.

“மறுக்கா கேட்டிருக்கணும்ட்டி” என்றார் உள்ளே வந்து.

“கேட்டிருந்தா இந்நேரம் பெட்டி போயிருக்கும். பொண்ணு கேட்டு விட்டிருக்காக, அதுக்கு என்ன சொல்லப் போறீக?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் சாயங்காலம் ஒரு புதுப் பெட்டியோடு வந்தார். மாசியிலேயே அடுத்த பொங்கலுக்குப் பெட்டி வாங்கிய மனிதர் இந்தத் தீவில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். சித்தப்பாவுக்கு ஒரு குடை, பெரியம்மாவுக்குப் பெரிய ஜாடி, சங்கரலிங்கம் வீட்டுக்குத் தாம்பாளம் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியில், “சீரு அவளுக்கு. பொண்ணுக்காக இல்ல. என் தங்கச்சிக்கு நான் அனுப்புதேன்” என்றார்.

அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் அதை அப்படிப் படிக்காது. இந்தப் பெட்டி போனால் பெண் வருகிறாள் என்று படிக்கும். போகாவிட்டால் போன தையில் வந்ததே பொய் என்று தோண்டி எடுக்கும், அப்புறம் அந்த வீட்டில் செல்லம்மாள் தலை நிமிர முடியாது. பெட்டி போய், அதன் பின்னால் பெண் போகாவிட்டாலும் அவளுக்கு அதே கதிதான். என்னுடைய பிள்ளையின் காலடியில் கொண்டுபோய்த் தன் வாழ்வை வைத்துவிட்டாள் அவள். அவளைத் திட்டவும் முடியவில்லை. என் மகள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தானே வாசல் வாசலாக ஏறி இறங்கியிருப்பாள்?

8

நேற்று மத்தியானம் மீனாட்சி கூடத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துத் தையல் வேலை செய்துகொண்டிருந்தாள். வெள்ளைக் கைக்குட்டையில் ஓரப்பின்னல். திறந்து கிடந்த புதுப் பெட்டியைக் காலால் தொட்டுக் காட்டி, “இது யாருக்கும்மா?” என்றாள்.

“ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தைக்கு.”

“அத்தை வேண்டாம்னு சொன்னாங்கல்ல?”

“அது சும்மா சொன்னது.”

“சும்மா எதுக்குச் சொல்லணும்?” நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொன்வண்டு பிடித்துக் கொடுத்தானே, அந்த ஆறுமுகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். வெல்லத்தில் ஒரு துண்டு உடைத்துக் கொடுத்தேன், வாயில் போட்டுக்கொண்டாள். அத்தை வீட்டுத் தென்னந்தோப்பைப் பற்றிச் சொன்னேன், ஆண்டாள் கோயில் தேரைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சரக்கு விற்கிறவள் குரல் மாதிரி இருந்தது.

“அத்தை வீட்டுக்குப் போறியா, தாயி? அங்கயே இருக்கியா?”

அவள் ஊசியை நிறுத்தவில்லை.

“தாமாவ்.”

கோபமில்லை, பயமில்லை. பால் பொங்கிய அன்று சொன்ன அதே குரல். அவள் தலையை வருடினேன். ஊரில் எல்லாரும் கேட்கிற மாதிரி மறுபடியும் கேட்டேன்.

“போறியாம்மா?”

இந்தத் தடவை ஊசியைக் கைக்குட்டையில் குத்தி நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, மலாயை விட்டுவிட்டு எனக்காகத் தமிழில் சொன்னாள்.

“வேண்டாம்மா.”

அவளிடம் மூன்றாவது தடவை கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிய தாய்க்காகச் சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். செல்லம்மாளும் அங்கே நிமிர்ந்து நடந்திருப்பாள். எழுந்துபோய்ப் பெட்டியை மூடினேன். மூன்றாவது தடவை நான் கேட்கவில்லை.